சொந்தத் தொழிலாளிக்குக் கணக்குப் புத்தகம் எங்கே?

(தோட்டக் கிளைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், அங்கத்தினரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் செயலாளர் விரிவாகப் பேசிவிட்டார். எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் வேறு. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய், கைப்பேசியை நம்பி, மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பிழைப்பு நடத்தும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2020ஆம் ஆண்டில் கோவிட் கொள்ளைநோய் வந்தபோது அரசாங்கம் உதவிப் பணம் கொடுத்தது. அதற்கு அவர்கள் எப்படி மனுப் போட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் குறைந்தது, ஏன் குறைந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

"அது முடிந்துபோன கதை ஆயிற்றே, இப்போது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மழை கொட்டும்போது யாரும் கூரை மேய முடியாது, தோழர்களே. வெயில் நாளில்தான் மேய வேண்டும். இப்போது வெயில் நாள். அதனால்தான் பேசுகிறேன்.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள்

நம் தோட்டத்தில் முப்பது வருஷமாகப் பால் வெட்டும் ஓர் அம்மா இருக்கிறார். பெயர் வேண்டாம். நான் அரைக்கால் சட்டையோடு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் போன நாளிலிருந்து என்னை அறிந்தவர். அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் பட்டணத்தில் இ-ஹெய்லிங் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். இளையவன் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். இளையவனுக்குக் கல்யாணமாகி ஒரு கைக்குழந்தையும் இருந்தது.

இவர்கள் இருவருக்கும் முதலாளி என்று யாரும் இல்லை. கம்பெனியைக் கேட்டால், "இவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்லர், எங்கள் பங்காளிகள்" என்று சொல்லும். பங்காளி என்றால் நம் ஊர் வழக்கப்படி சொத்தில் பங்கு இருக்க வேண்டும். இந்தப் பங்காளிக்குச் சொத்தில் பங்கு இல்லை. பெட்ரோல் அவன் பணம், டயர் அவன் பணம், விழுந்தால் அவன் கால். பங்கு இருப்பது நஷ்டத்தில் மட்டும்தான்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மூத்தவன் காரில் ஏற ஆளில்லை. இளையவனுக்கு ஓட்டம் இருந்தது. ஆனால் ஏப்ரல் 1ஆம் தேதி முதல் சாப்பாட்டுக் கடைகளுக்கும் உணவு கொண்டு செல்வதற்கும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் அனுமதி என்று ஆயிற்று. அவன் நாலு காசு பார்த்ததே இரவு எட்டு மணிக்கு மேல்தான்.

இந்த நேரத்தில் சம்பளக்காரர் நிலை என்ன? வேலை போனால் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம் இருந்தது. சம்பளம் கொடுக்க முடியாத முதலாளிமாருக்கு, தொழிலாளியை நீக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் சம்பள உதவித் தொகை கொடுத்தது. இரண்டுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உன் முதலாளி யார்?" நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியிலேயே வெளியே நின்றார்கள்.

என்ன கொடுத்தார்கள்?

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கொடுத்ததைக் கொடுத்தது என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 27ஆம் தேதி அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் அவர்கள் அறிவித்த திட்டத்தில் 'பந்துவான் பிரிஹாத்தின் நேஷனல்' என்ற உதவி இருந்தது. குடும்ப வருமானம் மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு 1,600 வெள்ளி. 4,001 முதல் 8,000 வரை உள்ள குடும்பங்களுக்கு 1,000 வெள்ளி. 21 வயதுக்கு மேற்பட்ட தனியாட்களில் 2,000 வரை வருமானம் உள்ளவர்களுக்கு 800, அதற்கு மேல் 4,000 வரை உள்ளவர்களுக்கு 500. ஏப்ரலிலும் மே மாதத்திலுமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இதற்கு முதலாளி யார் என்பது முக்கியமல்ல, வருமானம் எவ்வளவு என்பதே முக்கியம். நம் பிள்ளைகளுக்குத் திறந்திருந்த பெரிய கதவு இதுதான்.

அதே அறிவிப்பில் 120,000 இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு ஆளுக்கு 500 வெள்ளி என்று இருந்தது. பிறகு ஏப்ரல் 6ஆம் தேதி, சிறு வியாபாரிகளுக்கு 3,000 வெள்ளி மானியம் அறிவித்தார்கள். ஏறக்குறைய 700,000 பேருக்கு இது கிடைக்கும் என்றார்கள். ஆனால் வியாபாரப் பதிவும் வருமான வரிப் பதிவும் உள்ளவர்களுக்கே அது.

மூத்தவனுக்கு அந்த 500 வெள்ளி கிடைத்தது. இளையவனுக்கு அது இல்லை. அந்த அம்மா ஆபீசு வாசலில் நின்று என்னைக் கேட்டார்: "தம்பி, ரெண்டு பேரும் ரோட்டுலதானே ஓடுறானுங்க? ஒருத்தனுக்கு உண்டு, இன்னொருத்தனுக்கு இல்லேன்னா இது என்ன கணக்கு?"

கேள்வி நியாயமானது. பதில் இதுதான். இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. அப்போது எல்லோரும் முணுமுணுத்தார்கள், மூத்தவனும் முணுமுணுத்தான். பாடம் படிக்க வேண்டும், வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும், பணம் கட்ட வேண்டும். ஆனால் அந்த முணுமுணுப்போடு அவன் பெயர் ஒரு பதிவில் ஏறிவிட்டது. சாப்பாடு கொண்டுபோன இளையவனின் பெயர் எந்தப் பதிவிலும் ஏறவில்லை. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் டாக்சி, பள்ளிப் பேருந்து, சுற்றுலாப் பேருந்து, வாடகைக் கார், இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு மறுபடியும் 500 வெள்ளி என்று அறிவித்தபோதும், மோட்டார் சைக்கிளில் சோறு சுமந்தவனை அந்த வரிசையில் காணோம்.

மூத்தவன் அதிகம் கஷ்டப்பட்டான், இளையவன் குறைவாகக் கஷ்டப்பட்டான் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை, தோழர்களே. அளக்க அவர்களிடம் கோலும் இல்லை. பதிவைப் பார்த்தார்கள். பெயர் இருந்தது, கொடுத்தார்கள். பெயர் இல்லை, விட்டுவிட்டார்கள்.

நான் செய்த பிழை

இப்போது சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஏற்கெனவே அரசாங்க உதவி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும், வருமான வரி வாரியத்தில் கணக்கு உள்ளவர்களுக்கும் புதிதாக மனுப் போட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்கவில்லை. இளையவன் எதிலும் இல்லை. அவன் ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அம்மா அவனிடம், "நீ ஒன்னும் கிறுக்காதே. நம்ம கிராணித் தம்பிகிட்டே குடு. தினமும் கணக்குப் பாக்குறவரு, தப்பு வராது" என்று சொல்லிவிட்டார். ஊரடங்கினால் அவன் தோட்டத்துக்கு வர முடியாது. கைப்பேசி வழியாகத் தன் விவரங்களை அனுப்பினான். வேலை முடிந்த பிறகு நான் ஆபீசுக் கணினியில் உட்கார்ந்து அவனுக்கும் இன்னும் பதினைந்து இருபது பேருக்கும் பாரம் பூர்த்தி செய்தேன்.

"மாத வருமானம்" என்று ஒரு கட்டம். கம்பெனி வாரா வாரம் அவனுக்கு அனுப்பிய தொகைகளைக் கூட்டினேன். 4,100 வெள்ளி. எழுதினேன். அனுப்பினேன். அடுத்த ஆளின் பாரத்தை எடுத்தேன்.

ஒப்புதல் வந்தது. தொகை 1,000 வெள்ளி. பக்கத்து அறையில் குடியிருந்தவனுக்கு, இதே வேலை, இதே ஓட்டம், இவனைப் போலவே ஒரு குழந்தை, 1,600 வெள்ளி. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தோழர்களே, பால் கொட்டுமிடத்தில் நிற்கும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வாளியில் இருப்பது முழுவதும் ரப்பரா? நூறு கிலோ பாலில் முப்பது, நாற்பது கிலோதான் ரப்பர். மிச்சம் தண்ணீர். ஈர எடை வேறு, உலர்ந்த எடை வேறு. நிர்வாகம் நமக்கு ஈர எடைக்குக் கூலி கொடுப்பதில்லை. ரப்பர் எவ்வளவு நிற்கும் என்று பார்த்துத்தான் கணக்கெழுதுகிறார்கள். அந்தக் கணக்கைத் தினமும் எழுதும் கை என் கை. அந்தக் கையே அந்தத் தம்பியின் ஈர எடையை உலர்ந்த எடை என்று எழுதிவிட்டது!

சம்பளக்காரனுக்குச் சம்பளச் சீட்டில் உள்ளது வருமானம். தொழில் செய்பவனுக்குக் கைக்கு வந்தது எல்லாம் வருமானம் அல்ல. தொழிலுக்காகச் செலவானது போக நிற்பதுதான் வருமானம். வருமான வரிக் கணக்கும் அப்படித்தான். அவன் கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தோம். பெட்ரோல் நாளைக்கு 15 வெள்ளி, 26 நாளைக்கு 390. எண்ணெய், டயர், பழுது பார்த்தல் எல்லாம் சேர்ந்து மாதம் 140. வேலைக்கான கைப்பேசிச் செலவு 60. மோட்டார் தவணையைச் சேர்க்காமலே 590 வெள்ளி. 4,100இல் 590 போனால் 3,510. நாலாயிரத்துக்குக் கீழே! அவனுக்கு வர வேண்டியது 1,600. சம்பளச் சீட்டையே பார்த்துப் பழகிய என் கண் 600 வெள்ளியைத் தின்றுவிட்டது.

மேல்முறையீட்டு மனு எழுதினோம். "செலவுக்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். "தம்பி, பெட்ரோல் சீட்டெல்லாம் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டேன். "எங்கண்ணே, அதை மெஷினிலிருந்து கிழிக்கிறதே இல்லை" என்றான். டயர் மாற்றிய கடையில் சீட்டே கொடுக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லாமல் மனுப் போயிற்று. அந்த 600 வெள்ளி வரவே இல்லை.

அந்த 600 வெள்ளி அவனுக்கு அறை வாடகை. குழந்தைக்குப் பால் மாவு. மனைவியின் ஒரு ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. மீட்க முடியாமல் மூழ்கியும் போயிற்று. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுங்கண்ணே, நீங்க இல்லேன்னா அந்த ஆயிரமும் வந்திருக்காது" என்றான். அவன் திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அக்கரையில் நடந்தது

ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அங்கேயும் கார் ஓட்டுபவர்கள், டியூஷன் சொல்லிக் கொடுப்பவர்கள், மேடைத் தொழில் செய்பவர்கள் என்று முதலாளி இல்லாத கூட்டம் இருக்கிறது. 2020 மார்ச் 26ஆம் தேதி அந்த அரசாங்கம் சுயதொழில் புரிவோருக்கு வருமான நிவாரணத் திட்டம் ஒன்றை அறிவித்தது. மாதம் 1,000 சிங்கப்பூர் வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கு. அதை மே, ஜூலை, அக்டோபர் என மூன்று தவணையாக, தவணைக்கு 3,000 வெள்ளி கொடுத்தார்கள். நிபந்தனைகளும் இருந்தன. தொழிலில் செலவு போக நிற்கும் வருஷ வருமானம் 100,000 வெள்ளிக்கு மேற்படக் கூடாது. கவனியுங்கள்: செலவு போக நிற்கும் வருமானம்! அங்கேயும் உலர்ந்த எடைதான்.

37 வயதும் அதற்கு மேலும் ஆகி, தொழில் வருமானத்தை முன்பே அரசாங்கத்திடம் கணக்குக் காட்டி, மற்ற நிபந்தனைகளுக்கும் பொருந்தியவர்களுக்கு மனுப் போடாமலே பணம் வந்தது. மற்றவர்கள் மனுப் போட்டு, ஆதாரம் காட்டி வாங்க வேண்டியிருந்தது. அந்த மனுக்களை வாங்கிப் பரிசீலிக்கும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசிடம்! ஒரு தொழிற்சங்க அமைப்பிடம்!

அந்த நாட்டு முறை வேறு, நம் நாட்டு முறை வேறு. அதை இங்கே அப்படியே நட்டு வளர்க்க முடியாது. ஆனால் அதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே கணக்குக் காட்டியவனைப் பணம் தேடி வந்தது. முதலாளி இல்லாதவனுக்காக உட்கார்ந்து மனுப் பார்க்கும் வேலை தொழிற்சங்கத்துக்கும் உரிய வேலைதான்.

இரண்டு ஆட்சேபணைகள்

நான் இதைப் பேசப் போகிறேன் என்றதும் இரண்டு ஆட்சேபணைகள் என் காதுக்கு வந்தன.

ஒரு பெரியவர் சொன்னார்: "உழைத்துத் தின்ற கை. அரசாங்கத்திடம் போய்க் கையேந்தச் சொல்கிறாயா?" அவர் மானத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஐயா, கடையில் நாம் வாங்கும் பொருளில் வரி இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி கட்டுகிறோம். நாட்டைப் பூட்டி வைத்தது நாமல்ல. நாட்டு நன்மைக்காகப் பூட்டினார்கள், நாமும் வீட்டுக்குள் இருந்து ஒத்துழைத்தோம். அதற்கு ஈடாக வருவதைப் பிச்சை என்று சொல்லலாமா? அந்தப் பணத்தை வாங்காமல் மானம் காத்தவர்கள் சிலர், ஆறு மாதம் கழித்து வட்டிக்காரன் வாசலில் நின்றார்கள். அங்கே போன மானம் எந்த மானம்?

இன்னொருவர் சொன்னார்: "அவர்கள் தோட்டத்தை விட்டுப் போனவர்கள். சந்தா கட்டுவது நாம். சங்கம் ஏன் அவர்களுக்காக நேரம் செலவழிக்க வேண்டும்?"

தோழரே, 1930ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை விழுந்தபோது நம் பாட்டன் பாட்டிமார் கதி என்ன ஆயிற்று? ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அன்று அவர்களுக்குச் சேமநிதியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. அப்புறந்தான் ஒவ்வொன்றாக வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதி. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். 1969இல் சொக்சோ சட்டம். இன்று நம் சம்பளச் சீட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போனபோது அந்த வரிகளையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். கைப்பேசி ஏந்திய பிள்ளை, பாதுகாப்பு விஷயத்தில், பாட்டன் நின்ற இடத்துக்கே திரும்பிப் போய்விட்டான். இதைப் பார்த்துக்கொண்டு, "அவன் நம் அங்கத்தினன் அல்ல" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது மட்டுமல்ல. இந்தத் தோட்டத்திலேயே வெட்டு முடிந்த பிறகு நாசி லெமாக் விற்கும் அக்காமார் இருக்கிறார்கள். தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு வேலையிழந்து கார் ஓட்டப் போனவர்கள் இருக்கிறார்கள். இன்று சம்பளக்காரர், நாளைக்குச் சொந்தத் தொழிலாளி. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் மதில் சுவர் ஒன்றும் இல்லை.

வெயில் நாளில் செய்ய வேண்டியவை

இனி, என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்லுகிறேன். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். தண்டல் எழுதிய எடையை மட்டும் நம்பாமல், தன் எடையைத் தானும் குறித்து வைக்கும் பால் வெட்டுக்காரர்கள் நம்மிடையே உண்டு. அதே பழக்கம்தான் இங்கேயும் வேண்டும். தேதி, கைக்கு வந்தது, பெட்ரோலுக்குப் போனது, பழுதுக்குப் போனது. நாளைக்கு ஒரு வரி. மாதக் கடைசியில் கூட்டல், கழித்தல். சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். பெட்ரோல் சீட்டில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்; ஆகவே அன்றைக்கே கைப்பேசியில் படம் பிடித்து வைப்பது நல்லது. சொந்தக் காரியத்துக்கு ஓடிய ஓட்டத்தைத் தொழில் செலவில் சேர்க்காதீர்கள். பாலில் தண்ணீர் ஊற்றுவது எப்படித் தப்போ, அப்படியே இதுவும் தப்பு.

இரண்டாவது, வருமான வரி எண். "எண் எடுத்தால் வரி கட்டச் சொல்லுவார்களே" என்று பயப்படுகிறார்கள். கணக்குக் காட்டுவது வேறு, வரி கட்டுவது வேறு. வருமானம் குறைவாக இருந்தால் கணக்குக் காட்டியும் வரி வராது. தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு உரியது 'பி' பாரம்; அதற்குக் கெடு ஜூன் 30. சம்பளக்காரரின் 'பி.இ.' பாரத்துக்கு ஏப்ரல் 30. சீட்டுகளையும் கணக்கையும் ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வியாபாரப் பதிவு. கடை வைத்திருக்கும், பலகாரம் விற்கும், தைத்துக் கொடுக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டத்தின்படி, சொந்தப் பெயரில் பதிந்தால் வருஷத்துக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி என்பதுதான் வழக்கமான கட்டணம். 2020இல் அந்த 3,000 வெள்ளி மானியம் வந்தபோது, எத்தனையோ பேர் இந்த முப்பது வெள்ளிக் காகிதம் இல்லாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

நான்காவது, சொந்தப் பெயரில், உயிரோடு இருக்கும் ஒரு பேங்க் கணக்கு. மகன் கணக்கில் அம்மா பணம், அம்மா கணக்கில் மருமகள் பணம் என்று இருந்தால் மனு நிற்காது. கல்யாணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சூரை, மைகார்டு விலாசம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். கோவிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் இருப்பவர்கள் இந்த வாரமே அதைப் பாருங்கள். பதிவுப்படி அவர்கள் குடும்பம் அல்ல, தனியாட்கள். 1,600 வெள்ளிக்கும் 800 வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு காகிதத்தில் இருந்தது.

ஐந்தாவது, சொக்சோ. சொந்தத் தொழிலாளர்களுக்கென்று 2017ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு. 2020 ஜனவரி முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. வேலையில் விழுந்து அடிபட்டால் அது கை கொடுக்கும். வேலையே இல்லாமல் போனால் அது உதவாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மனுப் போடும் நாள் வந்தால், கேள்வியை இரண்டு தரம் படியுங்கள். ஈர எடையா, உலர்ந்த எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பிய மனுவின் நகலையும் எண்ணையும் தேதியையும் நோட்டில் குறியுங்கள். மறுத்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல், காரணத்தைக் கேட்டுக் கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். "நான் வாங்கித் தருகிறேன், ஐம்பது வெள்ளி கொடு" என்று வருகிறவனிடம் பணமும் கொடுக்காதீர்கள், இரகசிய எண்ணும் கொடுக்காதீர்கள்.

சங்கத்திடம் என் கோரிக்கை

இதெல்லாம் தனித்தனியே ஒவ்வொருவனும் செய்துகொள்ளட்டும் என்று விட்டால் நடக்காது. ஆகவே தலைவர் அவர்களிடம் பணிவோடு ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த மண்டபத்திலேயே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி. பட்டணத்திலிருந்து அம்மா அப்பாவைப் பார்க்க வரும் பிள்ளைகள் தங்கள் நோட்டையும் டின்னையும் கொண்டுவரட்டும். கணக்குப் போட்டுக் கொடுப்போம், பாரம் பூர்த்தி செய்து கொடுப்போம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகே அனுப்புவோம். தனியாளாக ராத்திரியில் உட்கார்ந்து எழுதினால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் சொன்னேன்.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி கிக் தொழிலாளர் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. செப்டம்பர் 9ஆம் தேதி மேலவையும் நிறைவேற்றியது. எழுத்தில் ஒப்பந்தம், தகராறு வந்தால் விசாரிக்க ஒரு தீர்ப்பாயம், சொக்சோப் பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. வரவேற்போம். 'பங்காளி' என்ற போர்வைக்குள் ஒரு தொழிலாளி இருக்கிறான் என்று சட்டம் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது நம் பிள்ளையின் கைக்கு வர வேண்டுமானால் கேட்க ஒரு வாயும் காட்ட ஒரு காகிதமும் வேண்டும். சேமநிதியும் சொக்சோவும் தானாக நம் வீட்டுக்கு நடந்து வரவில்லை.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்போம். அடுத்த முறை ஒரு பேரிடர் வந்தால், மோட்டார் சைக்கிளில் சோறு சுமப்பவனையும் பட்டியலில் முதலிலேயே சேருங்கள். கம்பெனிகளிடமும் ஒன்று கேட்போம். பங்காளி என்று அழைக்கிறீர்களே, அந்தப் பங்காளிக்கு வருஷத்துக்கு ஒரு முறை அவன் கணக்கைத் தெளிவாக ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. போன தீபாவளிக்கு அந்த இளையவன் தோட்டத்துக்கு வந்திருந்தான். இன்னமும் மோட்டார் சைக்கிள்தான். பையிலிருந்து ஒரு நீல நிற நோட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தான். தேதி, வரவு, பெட்ரோல், டயர் என்று கோணல் எழுத்தில் வரிவரியாக இருந்தது. ஒரு நாள் விடவில்லை. "பாருங்கண்ணே, இப்ப தப்பு வராதில்லே?" என்றான். நான் ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கூட்டல் தப்பு. திருத்திக் கொடுத்தேன். அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய 600 வெள்ளிக்கு அது ஈடாகாது. ஆனாலும் அன்றைக்குத்தான் என் மனம் கொஞ்சம் ஆறிற்று.

இந்த மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவர் வீட்டுப் பிள்ளையிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்க வேண்டும், தோழர்களே. அதுவரை நான் இதையே பேசிக்கொண்டிருப்பேன். 

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக! சங்கம் வளர்க! வணக்கம்.